நான்கு வீல் பேரிங்கையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஆறு ஆண்டுப் பழக்கமுள்ள சிறிய ஹேட்ச்பேக் கார். 72,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேகம் 60-ஐத் தாண்டினால் அடியிலிருந்து ஒரு ரீங்காரம் எழுகிறது. 80-இல் அது பேச்சையே மறைக்கிறது. டயர் கடையில் டயர்தான் காரணம் என்று சொல்லி இரண்டு புது டயர் போடச் சொன்னார்கள். ஒர்க்‌ஷாப்பிலோ, வீல் பேரிங் போய்விட்டது, ஒன்று போனால் மற்றவையும் போகும், நான்கையும் மாற்றிவிடுவோம் என்று 14,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். யாரை நம்புவது?
— வாசகர், ஈரோடு

பதில்: இருவரில் ஒருவர் சரியாகவே சொல்லியிருக்கலாம். ஆனால், உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இருவருமே காரைத் தூக்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பேரிங் என்பது சக்கரம் தடையின்றிச் சுழல அதன் நடுவில் இருக்கும், குண்டுகள் கொண்ட வளையம். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காமல் கொடுக்கப்படும் பேரிங் எஸ்டிமேட்டுக்கு நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சக்கரம் என்று அவர்கள் கைவைத்துக் காட்டட்டும். பிறகு விலையைப் பேசலாம்.

அதற்கு முன் நீங்களே செய்து பார்க்கக்கூடியவை சில உண்டு. பெருந்துறை வழியாகச் செல்லும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், போக்குவரத்து குறைவான நேரத்தில், சத்தம் தெளிவாகக் கேட்கும் வேகத்துக்குச் சென்று ஓரிரு விநாடி கிளட்சை மிதியுங்கள். இன்ஜின் சுற்று இறங்கிய பின்னும் ரீங்காரம் அதே சுருதியில் தொடர்ந்தால் இன்ஜினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான் சத்தமிடுகிறது. எக்காரணம் கொண்டும் சாவியை அணைத்துச் சோதிக்காதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அடுத்து, சிமெண்ட் சாலையிலிருந்து தார்ச்சாலைக்கு மாறும் இடத்தில் காது கொடுங்கள். தளம் மாறும்போது சத்தத்தின் தன்மையும் மாறினால் டயர் மீது சந்தேகம் கூடும். பேரிங் சத்தம் தளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

மூன்றாவது சோதனை வளைவில். கார் வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கத்தின் மேல். வலப்பக்க வளைவில் சத்தம் பெருத்து, இடப்பக்க வளைவில் அடங்கினால், பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்தான் தேய்ந்திருக்கும். இதை முடிந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரட்டை வரிசைக் குண்டு உள்ள பேரிங்கில் எந்த வரிசை தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறிக் கேட்பதும் உண்டு. அதோடு, பாடி வழியாகச் சத்தம் பயணிப்பதால் பின்சக்கரத்தின் ஓசை முன்னாலிருந்து வருவதாகத் தோன்றுவதும் சகஜம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் டக் டக்கென்று கேட்டால் அது பேரிங் அல்ல, டிரைவ் ஷாஃப்டின் ஜாயிண்ட்.

டயரை உள்ளங்கையால் தடவியும் பார்க்க வேண்டும். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பப் பல்லைப் போல் கையில் குத்தினால் அந்த டயரே ரீங்காரமிடக்கூடும். முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றி ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் குற்றவாளி டயர். மாறாமல் நின்றால் பேரிங். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு டயர் மாற்றும் கூலி மட்டுமே. இதைச் செய்யாமல் புது டயர் இரண்டை உங்கள் தலையில் கட்டப் பார்த்த கடையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஒர்க்‌ஷாப்பில் நடக்க வேண்டியது. காரை ஜாக்கியில் மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் மறைந்தால் அது பேரிங்கில் இருந்தது. மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் போன்ற வேறு இடத்தில் இருக்கிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் பக்கம் சுட்டும்.

ஆனால், இங்கேதான் பல மெக்கானிக்குகளும் தவறுகிறார்கள். இக்காலக் கார்களில் வருவது கிரீஸ் அடைத்துச் சீல் செய்யப்பட்ட, உள்ளே இடைவெளியே இல்லாதபடி இறுக்கம் வைத்துச் செய்யப்பட்ட பேரிங். அதன் குண்டுகள் உருளும் ஓடுபாதையில் பொடிப்பொடியாக உதிர்வு தொடங்கிச் சத்தம் வந்த பின்னும், ஆட்டம் தெரிய நெடுநாள் ஆகலாம். ஆகவே “ஆட்டமில்லை, பேரிங் நன்றாக இருக்கிறது” என்ற முடிவு பிழையானது. ஒரு கையைச் சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுவதே நம்பத்தகுந்த சோதனை. நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. தேய்ந்தது என்றால் மணல் அரைபடுவதைப் போன்ற நறநறப்பு விரலுக்கு ஏறும். இரு பக்கமும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தால் வித்தியாசம் அனுபவமில்லாத கைக்கும் புலப்படும். நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். இறுக்கிச் சரிசெய்வதும் கிரீஸ் வைப்பதும் பழைய டேப்பர் ரோலர் பேரிங்குக்கு உரியவை.

நான்கையும் மாற்றுவது தேவையா என்றால், தேவையில்லை. பிரேக் பேடைப் போல் ஜோடியாக மாற்ற வேண்டிய பொருள் அல்ல இது. எது தேய்ந்ததோ அதை மட்டும் மாற்றினால் போதும். வெள்ளத்தில் சக்கர மட்டத்துக்கு மேல் நின்ற கார் இதற்கு ஒரு விலக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் அப்படி நின்ற கார்கள் ஏராளம். சீலைத் தாண்டி நீர் புகுந்தால் கிரீஸ் கெட்டுத் துரு பிடிக்கும். அந்த நிலையில் மற்றச் சக்கரங்களையும் ஸ்பிரிங்கில் கைவைத்துச் சோதித்துவிடுவது நல்லது. நிறுவனம் கொடுத்ததைவிட அகலமான வீல் அல்லது ஸ்பேசர் போட்டிருந்தாலும் பேரிங் சீக்கிரம் போகும். அதைக் கழற்றாமல் புதுப் பேரிங் போடுவது வீண் செலவு.

எஸ்டிமேட்டைப் பொருள், கூலி, வரி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். பேரிங் இரு வகையில் வருகிறது. ஒன்று, சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகமான நக்கிளுக்குள் பிரஸ் வைத்து அழுத்திப் பொருத்தும் வெறும் பேரிங். இதில் பொருளின் விலை குறைவு, வேலை அதிகம். மற்றொன்று, சக்கரம் மாட்டப்படும் நடுப்பாகமான ஹப்போடு சேர்ந்து வந்து போல்ட்டில் மாட்டும் யூனிட். விலை பல மடங்கு அதிகம், வேலை சுலபம். உங்கள் காருக்கு முன்னால் ஒரு வகையும் பின்னால் மற்றொரு வகையும் இருக்கக்கூடும். ஆகவே நான்குக்கும் ஒரே தொகை போட்டிருந்தால் காரணம் கேளுங்கள். வீல் அலைன்மெண்ட் கட்டணத்தையும் கவனியுங்கள். நக்கிளைக் கழற்ற ஸ்ட்ரட் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் அது நியாயமானது; பின்பக்க ஹப் யூனிட்டை நான்கு போல்ட் கழற்றி மாட்டியதற்கு அதே கட்டணத்தைச் சேர்த்தால் கேள்வி கேட்கலாம்.

பேரிங்கை நீங்களே வாங்குவதானால் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பரை உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவதும் பேரிங் நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் வருவதும் பல நேரம் ஒரே ஆலையின் சரக்கு. எஸ்.கே.எஃப்., ஷாஃப்ளரின் எஃப்.ஏ.ஜி., என்.டி.என்., என்.எஸ்.கே., ஜெய்ப்பூரின் என்.பி.சி. ஆகியவற்றில் எதை வாங்கினாலும் குறையில்லை. போலிதான் இங்கே பெரிய தொல்லை. பெட்டியில் அதிகபட்ச விலை, தயாரித்த அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, மாதமும் ஆண்டும், நுகர்வோர் தொடர்பு எண் ஆகிய நான்கும் அச்சாகியிருக்க வேண்டும். பேரிங்கின் மேல் பொறித்த எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அசலா என்று சரிபார்க்கும் செயலிகளை எஸ்.கே.எஃப்., ஷாஃப்ளர் இரண்டுமே வைத்திருக்கின்றன. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவும் பம்பரும் வாங்கலாம். பழைய பேரிங் வாங்கக் கூடாது. கழற்றும்போதே அடிபட்டது அது.

பொருத்தும் விதத்தில்தான் இந்த வேலையின் ஆயுள் அடங்கியிருக்கிறது. பேரிங்கை நக்கிளுக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தில் விழ வேண்டும். ஹப்பை அதற்குள் ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். இது தவறினால் அழுத்தம் முழுவதும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து ஓடுபாதையில் குழி விழுந்துவிடும். புதுப் பேரிங் ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பும்போதே பழையதாகிவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் இதே கதிதான். பிரஸ் இல்லாத ஒர்க்‌ஷாப் என்றால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரஸ் அடித்து வரட்டும், அதில் தவறில்லை. பழைய பேரிங்கின் உள் வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். அதை எடுத்த பிறகு ஹப்பின் கழுத்தில் கீறலோ சூடேறி நீலம் பாய்ந்த தடமோ தெரிந்தால் ஹப்பையும் மாற்ற வேண்டும். அது கூடுதல் செலவுதான் என்றாலும் ஏமாற்று வேலை அல்ல. பேரிங்கை இடத்தில் பிடித்து வைக்கும் சர்க்ளிப்பும் ஆக்சில் நட்டும் புதியனவாக இருக்கட்டும். நட்டை உங்கள் காருக்குரிய அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். அதுவரை அந்தச் சக்கரத்தின் மேல் காரின் பாரத்தை இறக்கக் கூடாது. கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேரிங் மாற்றி இரண்டே மாதத்தில் மறுபடி சத்தம். பொருளை நான் வாங்கிக் கொடுத்ததால் பொறுப்பில்லை என்கிறது ஒர்க்‌ஷாப். கூலிக்குப் பில்லும் தரவில்லை. புகார் செய்ய முடியுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முடியும். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் இல்லாவிட்டாலும், யு.பி.ஐ. மூலம் செலுத்திய பதிவும் ஒர்க்‌ஷாப்போடு நடந்த வாட்ஸ்ஆப் உரையாடலும் நீங்கள் அங்கே சேவை பெற்றதைக் காட்டும்.

பொருள் உங்களுடையது என்பது பொருளின் குறைக்கு மட்டும் ஒர்க்‌ஷாப்பை விடுவிக்கும்; பொருத்தியதில் நேர்ந்த குறைக்கு அவர்களே பொறுப்பு. ஆகவே குறை எதில் என்பதே வழக்கின் உயிர்நிலை. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கழற்றும்போது படம் எடுத்து, அந்தப் பேரிங்கைத் துடைக்காமல் பத்திரப்படுத்துங்கள். கழற்றும் அழுத்தமும் தடம் விடும் என்பதால், பிரஸ்ஸில் ஏற்றும் முன் கையால் சுற்றியபோது எப்படி இருந்தது என்பதையும் காணொலியாக எடுத்து வையுங்கள். பிறகு வெட்டித் திறந்தால், ஓடுபாதையில் குண்டுகளின் இடைவெளிக்குச் சமமான இடைவெளியில் குழிகள் இருப்பது தவறான அழுத்தத்தைக் காட்டும். நிறம் மாறிய கிரீஸும் துருவும் நீர் புகுந்ததைக் காட்டும். பேரிங் போலி என்று தெரிந்தால் உங்கள் வழக்கு ஒர்க்‌ஷாப் மீதல்ல, உதிரிபாகக் கடையின் மீது.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீட் போஸ்ட்டில் எழுத்து மூலம் கேளுங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள், சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. இருந்தாலும், சில ஆயிரம் ரூபாய்க்கு நீங்கள் செலவிடப்போகும் நாட்களை எண்ணிப் பார்த்து, கூலியைத் திரும்பத் தருவதாக ஒர்க்‌ஷாப் இறங்கி வந்தால் எழுதி வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்வதே என் பரிந்துரை.

கேள்வி: முன்சக்கரப் பேரிங் மாற்றிய அன்றே ஏ.பி.எஸ். விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. சென்சார் போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: உடனே வாங்காதீர்கள். பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் அமைந்திருக்கும். சென்சார் அதைப் பார்த்துத்தான் சக்கர வேகத்தை அறிகிறது. பார்வைக்கு இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவசரத்தில் திருப்பிப் போட்டுவிடுவது நேரக்கூடியதே. காந்த வளையம் இல்லாத மலிவான பேரிங்கைப் போட்டிருந்தாலும் இதே விளக்கு எரியும். ஸ்கேன் கருவியை மாட்டிக் காரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். மற்ற மூன்று சக்கரங்களும் வேகம் காட்டும்போது இது மட்டும் பூஜ்யம் காட்டினால், முதலில் சென்சாரின் ஒயரும் இணைப்பும் வேலையின்போது அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பார்ட் நம்பரையும் பொருத்திய திசையையும் சரிபார்க்க வேண்டும். திருப்பிப் போட்டது உறுதியானால் அந்தப் பேரிங்கை எடுத்து மறுபடி பயன்படுத்த முடியாது. புதுப் பேரிங், அதைப் போடும் கூலி இரண்டும் ஒர்க்‌ஷாப்பின் கணக்கு. அது வரை பிரேக் வேலை செய்யும் என்றாலும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு இயங்காது. மழையில் எடுக்காமல் இருங்கள்.