தேர்தலில் 'தீங்கு குறைப்பு' பற்றிப் பேசுவது போதையை ஆதரிப்பதாகுமா?

ஆகாது. போதைப் பழக்கத்தை ஒருவரால் இன்றே விட முடியாவிட்டாலும், அவர் சாகாமல், நோய் தொற்றாமல் இருக்கப் பார்த்துக்கொள்வதுதான் தீங்கு குறைப்பு. சுத்தமான ஊசி கொடுப்பது, ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்பவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில், ஹெராயின் போன்ற போதைக்கு மாற்றான ப்யூப்ரெநார்ஃபின் மாத்திரை தருவது இதெல்லாம் அதில் வரும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இந்திய அரசே செய்கிற வேலைதான்.

காரணம் எளிது. பகிர்ந்த ஊசி வழியாக எச்ஐவியும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி-யும் பரவுகின்றன. வேலூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை, 1986-ல் நாட்டின் முதல் எச்ஐவி தொற்றைக் கண்டறிந்த சோதனை நடந்ததே நம்ம ஊர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) தான். போலீஸுக்குப் பயந்து ஒளிகிற பையன் ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டான், அதுதான் பெரிய ஆபத்து. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டுகிறோம், பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்றும் சொல்கிறோம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரா என்ன?

சரி, ஓட்டுக் கேட்டு வருபவரிடம் என்ன கேட்பது? 1985-ன் போதைப்பொருள் சட்டம் மத்தியச் சட்டம், அதனால் பயன்படுத்துவதையே குற்றமாக்கும் 27-ம் பிரிவை மாற்றுவது பற்றி எம்.பி. வேட்பாளரிடம் கேளுங்கள். மருத்துவமனை மாநிலத்தின் பொறுப்பு. குடியாத்தம், ஆற்காடு மாதிரி ஊர்களிலும் போதை மீட்பு சிகிச்சை கிடைக்குமா என்று எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் கேளுங்கள். அப்புறம், சிறிய அளவு போதைப்பொருளோடு பிடிபட்ட, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவு ஏற்கெனவே இருக்கிறது, அதை வீடு வீடாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பலர் நினைப்பதுபோல இது கஞ்சா விற்பவனை விட்டுவிடச் சொல்வது இல்லை, விற்பவன் மீதான வழக்கும் தண்டனையும் அப்படியே இருக்கும்.