மக்ரெல் வயிற்றில் சிவப்புக் கூழ்: சாப்பிடலாமா?

கேள்வி: நார்வேயில் பூடோவில் வசிக்கிறோம். ஜூலையில் தூண்டில் போட்டு மக்ரெல் பிடித்தோம். வயிற்றைக் கீறினால் செங்கல் நிறத்தில் கூழாக ஏதோ வழிந்தது. ஆயாமல் வைத்திருந்த மீன்கள் மாலைக்குள் வயிறு உடைந்துவிட்டன. இது நோயா, கடல் மாசா? சாப்பிடலாமா?

பதில்: நோயும் இல்லை, மாசும் இல்லை. அது மீன் தின்ற இரை. பெரும்பாலும் காலனஸ் பின்மார்க்கிகஸ் என்ற கோப்பிபாட். இறால், நண்டு வகையைச் சேர்ந்த மிகச் சிறிய உயிரினம். அடுத்த முறை அந்தக் கூழில் ஒரு சிட்டிகை எடுத்து, வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பாருங்கள். செரிக்காத உடல்கள் தனித்தனியாகப் பிரியும். நீளம் 3 மில்லிமீட்டர் அளவு. தலையிலிருந்து இருபுறமும், ஏறக்குறைய உடல் நீளத்துக்கே, இரண்டு உணர்கொம்புகள். சிவப்புக்குக் காரணம் அஸ்டாசாந்தின் என்ற நிறமி. வெந்த இறாலில் தெரிகிற நிறமும் அதுதான்.

நார்வே கடலின் வளமே இந்தப் பூச்சி அளவு உயிரை நம்பித்தான் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க, 500 மீட்டருக்கும் கீழே, இருட்டில், எதுவும் தின்னாமல் கிடக்கும். உடலுக்குள் ஒரு எண்ணெய்ப் பை. அதில் சேர்த்த கொழுப்புதான் அத்தனை மாதச் சாப்பாடு. வசந்தம் நெருங்கும்போது மேலே வந்து முட்டையிடும். அதே சமயத்தில் கடலில் நுண்பாசி பெருகும். குஞ்சுகள் அதைத் தின்று வளரும். லொஃபோட்டன் தீவுகள் பக்கம் பொரித்த காட் மீன் குஞ்சுகள் இந்தக் காலனஸ் குஞ்சுகளைத் தின்னும். கோடையில் ஹெர்ரிங்கும் மக்ரெலும் வந்து வயிறு முட்டத் தின்கின்றன. நீங்கள் பார்த்தது அந்த விருந்தைத்தான்.

சரி, வயிறு ஏன் உடைந்தது? இப்படி மும்முரமாக மேய்கிற மீனில் செரிமான நொதிகள் உச்சத்தில் இருக்கும். மீன் செத்தாலும் அவை நிற்காது; குடலைக் கரைத்து, வயிற்றுச் சதையையும் கரைக்கும். வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஹெர்ரிங் பிடிக்கிற மீனவர்களுக்கு இது பழைய தலைவலி. அதனால் சில சமயம் பிடிபட்ட மீனை உடனே ஏற்றாமல், வலைக்குள்ளேயே சில நாள் உயிரோடு விட்டு, வயிறு காலியானதும் எடுப்பார்கள்.

உங்களால் அது முடியாது. ஆகவே பிடித்த இடத்திலேயே செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, கடல் நீரில் அலசி, உடனே ஐஸில் போடுங்கள். வீட்டுக்குப் போய் ஆய்ந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மக்ரெலில் இதை நான் அழுத்திச் சொல்வேன். சூட்டில் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும்; எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். வயிறு உடைந்து மாலை வரை ஐஸ் இல்லாமல் கிடந்த மீனை யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். உடனே ஆய்ந்து குளிரில் வைத்ததைத் தாராளமாகச் சமைக்கலாம்.

குடலைச் சுற்றி வெள்ளையாகச் சுருண்ட புழுக்கள் தெரிந்தால், அவை அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணி. மீன் செத்தபின் அவை சதைக்குள் நகரக்கூடும்; உடனே குடலெடுப்பதற்கு இது இன்னொரு காரணம். நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். பச்சையாகவோ, உப்பு, வினிகரில் ஊறவைத்தோ சாப்பிடுவதானால், மீனின் நடுப்பகுதி வரை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறைய வேண்டும். வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறைய வைக்கும் என்பதால் கூடுதலாகச் சில நாள் விடுங்கள்.

இந்தத் தொல்லை குறைவாக இருக்க வேண்டுமானால் செப்டம்பரில் தூண்டில் போடுங்கள். கோடை முடியும்போது காலனஸ் கூட்டம் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்கத் தொடங்கிவிடும். மக்ரெலின் வயிற்றில் இரை குறையும். தின்றதெல்லாம் அதற்குள் சதையில் கொழுப்பாக ஏறியிருக்கும். வறுக்க அதுதான் நல்ல மீன்.