பணம் வர ‘பின்’ (PIN) நம்பர் எதற்கு?

ஐயா, ஆத்தங்குடி டைல்ஸுக்கு வாடிக்கையாளர் அனுப்பிய 18,000 ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாக மின்னஞ்சல் வந்ததையும், அதிலிருந்த எண்ணில் பேசியவர் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லி யுபிஐ ‘பின்’ நம்பரைக் கேட்டதையும் எழுதியிருந்தீர்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு அந்தச் செயலியை உடனே நீக்குங்கள். யுபிஐயில் பணம் பெற ‘பின்’ நம்பர் தேவையே இல்லை. அதை அழுத்தினால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியேதான் போகும்.

மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் என் தங்கைக்கு வந்த கடிதத்தில், வங்கியின் பெயருக்குப் பின்னால் யாரும் தொடங்கக்கூடிய இலவச முகவரிதான் ஒளிந்திருந்தது. வங்கியிடம் பேச, அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணையே அழையுங்கள்; தேடலில் முதலில் வரும் எண்ணை நான் நம்புவதில்லை. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். புகாருக்குத் தேவைப்படும் என்பதால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.