முடிவு தெரிந்த கதையில் திகில்

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலிப் பக்கம் சிற்றூர் ஒன்றில் இருக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகள்) ஒன்றுக்கு மாற்றலாகி வரும் குருவானவரும் அவர் மனைவியும், வெகுநாள் பூட்டிக் கிடந்த குருமனையில் குடியேறுகிறார்கள். முதல் இரவே மாடியில் யாரோ நடக்கிற சத்தம். மனைவி எழுப்பிக் கேட்கும்போது, "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பிறகு கோயிலில் மணியடிப்பவரின் மகளுக்குப் பேய் பிடிக்கிறது. கடைசி மூன்று அத்தியாயங்களில் உபவாச ஜெபம், வானத்தில் தூதர்களின் யுத்தம், ஆவி ஓடிப்போகிறது.

வாசித்த நண்பன், "கடைசியில் ஜெபம் பண்ணுவாங்க, பேய் ஓடிடும், அதுதானே? இதில் என்ன சஸ்பென்ஸ்?" என்று கேட்டுவிட்டான். எங்கள் சபை மூப்பர் உபாகமம் 18ஆம் அதிகாரத்தைக் காட்டி, விசுவாசி பேய்க்கதை எழுதவே கூடாது என்கிறார். ஃப்ராங்க் பெரெட்டியின் 'திஸ் பிரசன்ட் டார்க்னஸ்' எனக்கு மிகப் பிடித்த நாவல். அந்த வழியில் போகலாமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பெ.

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. அதை விசுவாசக் குறைவாக எடுத்துக்கொண்டு வருத்தப்பட வேண்டாம். கடவுள் ஜெயிப்பாரா என்பதைப் புதிராக வைத்து ஒரு கிறிஸ்தவர் கதை எழுத முடியாது. எழுதினால் அது அவருக்கே பொய்யாகப் படும். ஆனால் கதையில் நிற்கிற மனிதன் என்ன செய்யப்போகிறான் என்பது அவனுக்கே தெரியாது. கிறிஸ்தவக் கதையில் திகில் அங்கேதான் பிறக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோபித்து நூலை வாசித்திருக்கிறீர்களா? உங்கள் வீட்டு வேதாகமத்தில் இருக்காது, கத்தோலிக்கப் பதிப்பில் இருக்கும். சாரா என்ற பெண்ணுக்கு ஏழு முறை கல்யாணம் நடக்கிறது. ஏழு மாப்பிள்ளைகளையும் முதலிரவிலேயே ஒரு பேய் கொன்றுவிடுகிறது. நீதான் அவர்களைக் கொன்றாய் என்று வீட்டுப் பணிப்பெண் பழிக்க, சாரா தூக்குப் போட்டுக்கொள்ள நினைக்கிறாள். வயதான அப்பாவுக்கு அவப்பெயர் வருமே என்று நிறுத்திக்கொள்கிறாள். எட்டாவதாக வருகிறவன் தோபியா. அவனுடைய வழித்துணையாக வந்திருப்பவர் மனித உருவிலிருக்கும் இரபேல் தூதர். இது தோபியாவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். சாராவைக் காப்பாற்ற இரபேல் அனுப்பப்பட்டார் என்று மூன்றாம் அதிகாரத்திலேயே கதாசிரியர் சொல்லிவிடுகிறார். முடிவை முன்கூட்டியே நம் கையில் கொடுத்துவிட்டார்!

அப்புறம் அந்தக் கல்யாண இரவு. மீனின் ஈரலையும் இதயத்தையும் நெருப்பிலிட, புகை தாங்காமல் பேய் எகிப்துக்கு ஓடுகிறது, இரபேல் பின்னாலேயே போய் அதைக் கட்டிப்போடுகிறார். இதற்கு ஓரிரு வசனம்தான். ஆனால் வீட்டின் இன்னொரு பக்கம் பெண்ணின் அப்பா இரகுவேல் தூங்காமல் எழுந்திருக்கிறார். வேலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குழி வெட்டுகிறார். மாப்பிள்ளை செத்திருந்தால் விடிவதற்குள் யாருக்கும் தெரியாமல் புதைத்துவிடலாம், ஊர் சிரிக்காது என்பது அவர் கணக்கு. வெட்டி முடித்துவிட்டு மனைவியிடம், யாரையாவது அனுப்பி அவன் உயிரோடிருக்கிறானா என்று பார்க்கச் சொல் என்கிறார். பணிப்பெண் விளக்கோடு உள்ளே போகிறாள். மணமக்கள் இருவரும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். இரகுவேல் கடவுளைப் புகழ்ந்து ஜெபிக்கிறார், பிறகு குழியை மூடச் சொல்கிறார்.

தோபியா சாகமாட்டான் என்று தெரிந்துதான் வாசிக்கிறோம். இருந்தும் அந்தப் பணிப்பெண் கதவைத் திறக்கும்போது எனக்கு மூச்சு அடைக்கிறது. காரணம் இரகுவேல். அன்று மாலைதான் அவர் மகளின் கையைப் பிடித்துக் கொடுத்து, கடவுள் உங்களுக்கு அமைதி தருவாராக என்று வாழ்த்தி, திருமண ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். வாழ்த்தியதும் உண்மை, குழி வெட்டியதும் உண்மை. இரண்டும் ஒரே மனதிலிருந்து ஒரே நாளில் வந்தவை. பேயைவிட அந்த மனம்தான் நம்மைக் கட்டிப்போடுகிறது. பேய்க்கு ஓரிரு வசனம், குழிக்கு அதைப்போலப் பல மடங்கு என்ற அந்த விகிதத்தைக் கவனியுங்கள். உங்கள் கைப்பிரதியில் இது தலைகீழாக இருக்கும் என்று உங்கள் கடிதத்தை வைத்தே ஊகிக்கிறேன்.

பெரெட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1986இல் வந்த அந்த நாவலை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். பல இலட்சம் பேர் வாசித்த நூல், அமெரிக்காவில் கிறிஸ்தவத் திகில் நாவலுக்குப் பெரிய சந்தை உண்டு என்று காட்டிய நூல். ஆஷ்டன் என்ற சின்ன ஊர், அங்கே ஒரு சிறு சபையின் போதகர், ஒரு பத்திரிகைக்காரர், கல்லூரியையும் ஊரையும் வளைத்துப்போட நினைக்கும் ஒரு கூட்டம். இவர்கள் தலைக்கு மேலே வாளேந்திய தூதர்களும் கந்தக மூச்சு விடும் பேய்களும். எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிற 'அந்தகார லோகாதிபதிகளை' அவர் அப்படியே கண்முன் நிறுத்திவிட்டார். நடுவில் கீழே வைக்க முடியாத வேகம் அந்த நாவலுக்கு உண்டு. ஜெபம் என்பது வெறும் சடங்கில்லை, அதனால் ஏதோ நடக்கிறது என்ற உணர்வை அது வாசகருக்குத் தந்தது. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

என் தடை வேறு. தூதர்களின் பலம் கீழே எத்தனை பேர் ஜெபிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடுகிறது, குறைகிறது. அப்போது ஜெபம் போருக்கு எரிபொருளாகிவிடுகிறது, ஜெபிக்கிறவன் அதை ஊற்றுகிற ஆளாகிவிடுகிறான். மனிதக் குணங்களின் பெயரையே சில பேய்களுக்கு வைத்திருக்கிறார். ஒருவன் சோம்பினால் தோளில் ஒரு பேய், பொய் சொன்னால் காதருகே ஒரு பேய். அப்படியானால் அவன் செய்த பாவத்தில் அவனுடைய பங்கு எவ்வளவு? பேய் விலகியதும் அவன் தெளிந்துவிடுகிறான், மனம் திரும்ப வேண்டிய நீண்ட பாடு அவனுக்கு இல்லை. முடிவெடுக்கிற இடம் மனிதனுக்குள்ளிருந்து வானத்துக்குப் போய்விட்டது. வானத்தில் யார் ஜெயிப்பார் என்று நமக்கு முதலிலேயே தெரியும். உங்கள் நண்பர் உங்கள் நாவலைப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு நாவலைச் சொல்கிறேன். சார்லஸ் வில்லியம்ஸ் 1937இல் எழுதிய 'டிசென்ட் இன்டு ஹெல்'. அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர், ஆங்கிலிக்கன் சபைக்காரர். நடை கடினம், சில பக்கங்களை மீண்டும் மீண்டும் வாசிக்க வேண்டும். ஆனால் நான் வாசித்த கிறிஸ்தவ நாவல்களில் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது அதுதான்.

அதில் வென்ட்வொர்த் என்று ஒரு வரலாற்று ஆய்வாளர் வருகிறார். அவருடைய துறைப் போட்டியாளருக்கு 'சர்' பட்டம் கிடைத்த செய்தியைப் பேப்பரில் பார்க்கிறார். அந்த நொடியில் சந்தோஷப்பட ஒரு வாய்ப்பு அவருக்கு இருக்கிறது, அவர் வேண்டாம் என்கிறார். ஊரில் ஒரு நாடகம் போடுகிறார்கள், காவலர்களின் சீருடை சரியா என்று இவரிடம் கேட்கிறார்கள். தோளில் உள்ள முடிச்சு தப்பு என்று அவருக்குத் தெரிகிறது. திருத்தச் சொன்னால் நேரமாகும், வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும். சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். வாழ்நாள் முழுக்க உண்மைத் தகவலுக்காக உழைத்த மனிதர்! வீட்டில் அவருக்காகக் காத்திருப்பது, அவர் ஆசைப்பட்டுக் கிடைக்காத பெண்ணின் உருவத்தில் வந்திருக்கும் ஒரு மாயை. அது மறுத்துப் பேசாது, அவர் நினைப்பதையே நினைக்கும். கடைசியில் லண்டனில் ஒரு விருந்தில் சுற்றிலும் இருப்பவர்கள் மனிதர்கள் என்பதுகூட அவருக்குப் புரியாமல் போகிறது. கொம்பு வைத்த பிசாசு யாரும் வந்து அவரை இழுத்துப்போகவில்லை. ஒவ்வொரு படியிலும் திரும்பி வர வழி இருந்தது. 'இப்போதாவது உண்மையைச் சொல்லேன்' என்று வாசகர் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே இருப்பார்.

அதே நாவலில் பாலின் என்ற இளம்பெண், தன்னைப் போலவே இருக்கும் ஓர் உருவம் தெருவில் எதிரே வருவதைச் சிறுவயதிலிருந்து பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறாள். ஸ்டான்ஹோப் என்ற கவிஞர் அவளிடம், உன் பயத்தை நான் சுமக்கிறேன், நீ வீட்டுக்கு நட என்கிறார். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் கலாத்தியர் வசனத்தை அவர் அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறார். அவள் போன பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய பயத்தை மனதில் வரவழைத்து, முழுதாக அனுபவிக்கிறார். அவள் பயமில்லாமல் நடந்து போகிறாள். ஜெபத்தை வைத்து ஒரு காட்சி எழுத வேண்டுமென்றால் இதைப் பாருங்கள். ஜெபிக்கிறவருக்கு அது ஒரு விலை வைக்கிறது.

இப்போது உங்கள் நாவலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்பது. அவருக்குக் கேட்டது. பின் ஏன் அப்படிச் சொன்னார்? மனைவி பயப்படக் கூடாதென்றா? குருவானவர் பயந்தார் என்ற பேச்சு வரக் கூடாதென்றா? நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். நானாக இருந்தால் நாவல் முழுவதையும் அதன்மேல் கட்டுவேன். மறுநாள் சேகரக் கமிட்டியில் கேட்கிறார்கள், மறுபடி இல்லை என்கிறார். மணியடிப்பவர் தானும் அந்தச் சத்தத்தைக் கேட்டதாக வந்து சொல்லும்போது, அவரைப் பொய்யராக்க வேண்டிய நிலை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் ஏறுகிறார். அவர் எப்போது வாயைத் திறப்பார் என்று வாசகர் காத்திருக்கட்டும். மாடியில் நடப்பது யார் என்பது அதற்குப் பிறகுதான்.

அது யாராகவும் இல்லாமல்கூட இருக்கலாம். செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுன் கதைகளில் மற்றவர்கள் சாபம், அற்புதம் என்று அலறும்போது, அந்தப் பாதிரியார்தான் நிதானமாக இது கொலை என்பார். துப்பறியும் கதைகளுக்கு 1929இல் பத்து விதிகள் எழுதிய ரொனால்ட் நாக்ஸ் கத்தோலிக்கக் குரு. இயற்கைக்கு மீறிய சக்திகள் கதையில் வரவே கூடாது என்பது அவருடைய இரண்டாவது விதி. அதிசயத்தை நம்புகிறவர்களுக்கு எல்லாவற்றையும் அதிசயமாக்க வேண்டிய அவசரம் இருப்பதில்லை.

உபவாச ஜெபக் கூட்டத்தை எடுக்க வேண்டாம். ஆனால் எதிர்பார்த்த பதில்தான் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் சோசிமா என்ற முதிய துறவி இறந்ததும் ஊரே அற்புதத்துக்காக மடத்தில் கூடி நிற்கிறது. வந்தது பிண நாற்றம். அவருடைய இளம் சீடன் அல்யோஷாவின் விசுவாசம் அன்றுதான் சோதிக்கப்படுகிறது, அன்றிரவுதான் அது உறுதியும் ஆகிறது.

உங்கள் சபை மூப்பர் சொன்னதற்கு என் பதில். உபாகமம் தடுப்பது குறி கேட்பதை, செத்தவர்களிடம் விசாரிப்பதை. அதைச் செய்தவனின் கதையை வேதாகமமே சொல்கிறது, 1 சாமுவேல் 28. அஞ்சனம் பார்க்கிறவர்களைத் தேசத்திலிருந்து துரத்திய அதே சவுல் ராஜா, மாறுவேடத்தில், ராத்திரியில், எந்தோர் என்ற ஊரில் அஞ்சனம் பார்க்கும் ஒருத்தியைத் தேடிப் போகிறான். இறந்துபோன தீர்க்கதரிசி சாமுவேல் சால்வை போர்த்த முதியவராக எழும்பி வந்து, நாளைக்கு நீயும் உன் பிள்ளைகளும் என்னோடிருப்பீர்கள் என்கிறார். சவுல் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறான். அதற்குப் பிறகு வருவதை யாராலும் கற்பனையாக எழுதியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். பகலும் இரவும் சாப்பிடாத அவனுக்கு அந்த ஸ்திரீ தன் வீட்டிலிருந்த கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து, புளிப்பில்லா அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள். பாவம் பாவம்தான் என்பதில் அந்த அதிகாரம் சிறிதும் இளகவில்லை. அந்தப் பெண்ணின் இரக்கத்தையும் மறைக்கவில்லை. மூப்பரோடு சேர்ந்து உட்கார்ந்து அதை வாசியுங்கள், மரியாதையாகவே பேசுங்கள். மந்திரச் சடங்குகளை வாசகர் செய்து பார்க்கும் அளவுக்கு விவரிக்காதீர்கள் என்று அவர் சொன்னால், அது நியாயம், கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். மணியடிப்பவரின் மகள். பேய் பிடித்தவள் என்று சொல்லப்பட்டு, கட்டப்பட்டு, அடிக்கப்பட்டு, மருந்து நிறுத்தப்பட்ட மனநோயாளிகள் நம் ஊர்களில் உண்டு. அவர்கள் வீட்டார் உங்கள் நாவலை வாசிக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையில் பேயோட்ட ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும். நோயைப் பேய் என்று எண்ணிவிடாதபடி பார்க்க வேண்டும் என்று 1999இல் வெளியான திருத்திய சடங்கு நூலும் எச்சரிக்கிறது. அதனால் அந்தப் பெண்ணை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் அத்தியாயத்தை எழுதுங்கள். டாக்டர் சொல்வதைக் குருவானவர் கேட்கட்டும். மாடியில் கேட்ட சத்தத்தைப் பற்றி அவர் சொன்ன பொய்யால்தான் அவளை ஊர் சந்தேகிக்கத் தொடங்கியது என்று வைத்துப் பாருங்கள், கதை தானாக நகரும். அந்த அத்தியாயம் முடிந்ததும் அனுப்புங்கள், வாசிக்கக் காத்திருக்கிறேன்.