விமானத்துக்கும் ஓட்டுத் தையல் உண்டு

வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். விமானம் செய்யும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். அதற்கும் பி.இ. வேண்டாம், டூல் அண்ட் டை, அதாவது கருவியும் அச்சும் செய்யும் டிப்ளமோவில் சேருகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். "பொம்பளப் பிள்ளையைப் பட்டறைக்கா அனுப்பப் போறே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில், முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும், இவருக்கு இந்த வேலையைப் புரியவைப்பது சுலபம் என்று தோன்றியது.

சட்டை தைக்கும்போது என்ன செய்கிறீர்கள்? அட்டையில் வெட்டிய அளவைத் துணிமேல் வைத்துக் கோடு போடுகிறீர்கள். வெட்டிய துண்டுகளை ஓட்டுத் தையல் போட்டுச் சேர்த்து, ஆளுக்குப் போட்டுப் பார்த்து, அப்புறம்தான் மெஷினில் தைக்கிறீர்கள். விமானத்தின் உடலும் இறக்கையும் ஏறக்குறைய இப்படித்தான் உருவாகின்றன. வெளித் தகடு மெல்லிய அலுமினியம். தனியாகத் தூக்கினால் துவண்டுபோகும். அதை அதற்குரிய வடிவத்தில் அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு பெரிய இரும்புச் சட்டம் வேண்டும். அதற்குப் பெயர் ஜிக். துளை போட்டவுடன் ரிவெட், அதாவது தகடுகளை நிரந்தரமாகச் சேர்க்கும் ஆணி, அடித்துவிட மாட்டார்கள். கிளெக்கோ என்று விரல் நீளத்தில், உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு பிடிப்பான் இருக்கிறது. தனி பிளையரால் அழுத்தித் துளையில் விட்டால் இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 3/32 அங்குலத் துளைக்கு வெள்ளி நிறம், 1/8க்குச் செம்பு, 5/32க்குக் கறுப்பு, 3/16க்குப் பித்தளை நிறம். பார்த்ததும் அளவு தெரிந்துவிடும். இப்படிப் பிடித்து, சரிபார்த்து, மறுபடி கழற்றி, துளை ஓரத்துப் பிசிரை எடுத்து, திரும்பக் கோத்த பிறகுதான் ரிவெட். கிளெக்கோதான் அவர்களுடைய ஓட்டுத் தையல்.

அந்த ஜிக்கைச் செய்கிறவர்தான் டூல் மேக்கர். உங்கள் அட்டை கால் அங்குலம் தப்பினால் அதை வைத்து வெட்டும் எல்லாச் சட்டையும் தப்பும் அல்லவா? ஜிக் தப்பினால் அதிலிருந்து வரும் எல்லா இறக்கையும் தப்பும். உங்கள் மகள் கேட்பது இந்தப் பொறுப்பைத்தான்.

இதில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு கணக்குச் சொல்கிறேன். 10 மீட்டர் நீள அலுமினியம், வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும். அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டமோ ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர்தான் நீளும். காலையில் பொருந்திய துளை மத்தியானம் பொருந்தாது. அதனால்தான் துல்லியமான வேலை நடக்கும் கூடங்களில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தி வைக்கிறார்கள். கார்பன் இழையில் செய்யும் பாகங்களுக்கு இன்னொரு சிக்கல். அந்தப் பொருள் சூட்டில் அனேகமாக நீளுவதே இல்லை. அடுப்பில் வைத்துக் கெட்டியாக்கும்போது அச்சும் நீளக்கூடாது. அதற்கு இன்வார் என்ற உலோகத்தில் அச்சு செய்கிறார்கள். இரும்பில் 36 சதவீதம் நிக்கல் கலந்தது. 1896இல் இதைக் கண்டறிந்த கியோம் என்ற இயற்பியலாளருக்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு ஜிக் சரியாக நிற்கிறதா என்பதை லேசர் டிராக்கர் என்ற ஒளியால் அளக்கும் கருவி வைத்து, தலைமுடியின் பருமனை ஒட்டிய துல்லியத்தில் பார்க்கிறார்கள். "பட்டறை" என்ற ஒரு சொல்லில் இதையெல்லாம் அடக்கிவிட முடியாது.

"டிகிரி இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஜான் பார்சன்ஸ் என்று ஒருவர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து டிராவர்ஸ் சிட்டியில் ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளைச் செய்துவந்தார். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். இறக்கையின் வளைவை அச்சு எடுப்பதுதான் பெரிய தலைவலி. கையால் வளைவு வரைந்து, அதன்படி வெட்டி, அரம் வைத்து ராவிச் சரிசெய்ய வேண்டும். அவரிடம் வேலை பார்த்த ஃபிராங்க் ஸ்டூலன், துளையட்டைக் கணக்கு இயந்திரத்தில் அந்த வளைவை நெருக்கமான புள்ளிகளாகக் கணக்கிட்டுக் கொடுத்தார். அப்படியென்றால் அந்த எண்களை இயந்திரமே படித்து நகரட்டுமே என்றார் பார்சன்ஸ். 1949இல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வகத்தில் அப்படி ஒரு மில்லிங் இயந்திரம், அதாவது உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம், ஓடியது. இன்று கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் தெருவுக்குத் தெரு ஓடும், எண்களைப் படித்துத் தானே வெட்டும் சி.என்.சி. இயந்திரங்களுக்கு மூலம் அதுதான். 1985இல் பார்சன்ஸுக்கும் ஸ்டூலனுக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. எல்லோரும் பார்சன்ஸ் ஆகிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. கருவியோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் அந்த யோசனை வந்தது என்பதைக் கவனியுங்கள்.

பெண் பிள்ளை என்கிற பயத்துக்கும் ஒரு பதில். இரண்டாம் உலகப் போரில் மிச்சிகனின் வில்லோ ரன் தொழிற்சாலையில் பி-24 குண்டுவீச்சு விமானங்களுக்கு ரிவெட் அடித்தவர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். ஒருவர் துப்பாக்கி போன்ற கருவியால் ரிவெட்டை அடிக்க, மறுபக்கம் இன்னொருவர் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். தோள் பலத்தைவிடக் கை நிதானம்தான் அதற்கு முக்கியம்.

சரி, வழி என்ன? பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் டூல் அண்ட் டை மேக்கர் இரண்டு வருடம். அல்லது டிப்ளமோ: ஹைதராபாத்தில் 1968இல் தொடங்கிய மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் நடத்தும் நான்கு வருடப் படிப்பு சென்னைக் கிளையிலும் உண்டு, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திண்டுக்கல்லில் அரசின் டூல் இன்ஜினியரிங் நிறுவனம் இருக்கிறது. கேரளத்து நெட்டூரில் தொடங்கிய என்.டி.டி.எஃப். என்ற பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம், அதனால் டிகிரிக் கதவு மூடிவிடாது. சொந்தக்காரர்கள் சொல்லும் பி.இ. ஏரோநாட்டிகல் கெட்ட படிப்பு இல்லை. ஆனால் அது காற்றோட்டம், கட்டமைப்புக் கணக்கு பற்றியது. அந்தத் துறையிலேயே வேலை கிடைப்பது கடினம். விமானம் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பையனை அதில் சேரச் சொன்னேன். அவனுக்குக் கையால் செய்வதுதான் பிடிக்கும் என்பதை நான் கேட்கவே இல்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

விமானத் துறை சுருங்கினாலும் இந்தத் தொழில் தெரிந்தவர் தெருவில் நிற்க மாட்டார். கார், பம்பு, ஊசி மருந்துக் குழல் என எதற்கும் அச்சும் ஜிக்கும் வேண்டும். விமானத்திலேயே என்றால் பெங்களூரு, ஹைதராபாத், பெலகாவி. குஜராத்தின் வதோதராவில் சி-295 என்ற ராணுவப் போக்குவரத்து விமானத்துக்கான கூடம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது; அங்கே 40 விமானங்கள் உருவாக வேண்டும்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில மாதம் ஒரு இரும்புக் கட்டையை அரத்தால் ராவிச் சமப்படுத்துவதே வேலையாக இருக்கும். நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆரம்பச் சம்பளம் குறைவு. ஷிப்ட் உண்டு. சேருவதற்கு முன் விடுதி, பயிற்சிக்கு அனுப்பும் இடம், போக்குவரத்து மூன்றையும் நேரில் போய்ப் பாருங்கள். "விமான நிறுவனத்தில் வேலை நிச்சயம்" என்று பணம் கேட்கும் யாரிடமும் நிற்காதீர்கள்.

இதற்கெல்லாம் மேலே, அவளுடைய சுபாவம். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் விமானத்தின் முன் கண்ணாடி வானத்தில் பறந்துபோனது. கேப்டன் பாதி உடம்பு வெளியே தொங்க, சக ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். முந்தைய நாள் கண்ணாடியை மாற்றியபோது பழைய போல்ட்டோடு புதியதைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார்கள். 90இல் 84 போல்ட் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மெலிந்தவை. அது பராமரிப்பு வேலை, ஆனாலும் இந்தத் தொழிலுக்கும் அதே குணம்தான் தேவை: பார்த்தால் சரியாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் அளந்து பார்க்கிற பொறுமை, தப்பாகத் துளை போட்டால் மறைக்காமல் போய்ச் சொல்கிற தைரியம்.

வெர்னியர் காலிப்பர் என்ற நுட்ப அளவுகோல் ஒன்றைக் கடன் வாங்குங்கள். பக்கத்து லேத் பட்டறையில் இருக்கும். உங்கள் கடையின் சட்டைப் பொத்தான் பத்தை அவளிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து எழுதச் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். "அப்பா, ஒரே பொத்தான் மூணு தடவையும் வேற வேற அளவு காட்டுது, ஏன்?" என்று அவளாகவே வந்து கேட்டால், நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை இந்த வாரமே நிரப்பிவிடுங்கள்.