வேலிக்கால் எங்கே உளுக்கிறது?

கேள்வி: திருவட்டாறு பக்கம் 70 சென்ட் விளை இருக்கிறது. தென்னை, வாழை, இரண்டு பசு. ரப்பர் மரக் கம்பு நட்டு முள்கம்பி இழுத்தேன். இரண்டே மழையில் வேலி சாய்ந்துவிட்டது. மருந்தேற்றிய கால் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். கழிவு ஆயில் பூசினால் போதும் என்கிறார் பக்கத்து விளைக்காரர். வேலியை ஒட்டித்தான் குடிதண்ணீர்க் கிணறு. ரசாயனம் இல்லாமல் நெடுநாள் நிற்கும் கால் எது?

பதில்: விழுந்த கம்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே இருந்த பகுதி ஓரளவு கெட்டியாக இருக்கும். ஆழத்தில் இருந்த நுனியும் பெரும்பாலும் தப்பியிருக்கும். முறிந்தது மண் மட்டத்தை ஒட்டிய அரையடியில்தான். பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே ஈரம் நிற்காது, ஆழத்தில் காற்று குறைவு, இரண்டும் சேர்ந்து கிடைப்பது அந்த அரையடியில். கரையானும் அந்த வழியாகவே ஏறுகிறது. நம் குமரி மாவட்டத்தில் இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) பெய்கிறது, ஐப்பசியிலும் பெய்கிறது. அதிலும் திருவட்டாறு, குலசேகரம் பக்கத்து மண்ணுக்குக் காய்ந்து கிடக்க நேரமே கிடைப்பதில்லை. மழை குறைந்த தோவாளையில் தாக்குப்பிடித்த மரம் உங்கள் விளையில் தாக்குப்பிடிக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வைரம் (நடுவில் இறுகிய மரம்) என்று சொல்லத்தக்க பகுதி கிடையாது. பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் அது விருந்து. மேசை நாற்காலி செய்ய அதற்குப் போரான் உப்பு ஏற்றுவார்கள். வீட்டுக்குள் அது சரி. வெளியே மழையில் அந்த உப்பு கரைந்து போய்விடும். ஆகவே பதப்படுத்திய ரப்பர் கம்பு என்று யாராவது தந்தாலும் வேலிக்கு வேண்டாம்.

மருந்தேற்றிய கால் பச்சை நிறமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து ஏற்றிய மரத்துக்கு அந்த நிறம் உண்டு. மரம் நன்றாகவே உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்கு இறங்கும். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இந்த மருந்தேற்றுவதை 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பெரிய கவலை அந்தக் காலின் கடைசி நாளைப் பற்றியது. பழைய காலை நம் வீடுகளில் என்ன செய்வோம்? அடுப்பில் வைப்போம், சாம்பலை வாழைமூட்டில் போடுவோம். எரித்தாலும் ஆர்சனிக் அழியாது, கொஞ்சம் புகையில் வரும், மீதி சாம்பலில் தங்கிவிடும். பசு நக்கினால் அதற்கும் ஆபத்து. கிணறும் பசுவும் இருக்கும் இடத்துக்கு அந்தக் காலை நான் சொல்லவே மாட்டேன். கழிவு ஆயிலும் வேண்டாம். இன்ஜினில் தேய்ந்த உலோகமெல்லாம் அதில் கிடக்கிறது.

சரி, எதை நடுவது? முதல் இடம் கல்லுக்காலுக்கு. உளுக்காது, துருப்பிடிக்காது, கரையான் தொடாது. 5க்கு 4 அங்குலத்தில் 7 அடிக் கல் ஏறக்குறைய 75 கிலோ வரும். இறக்க இரண்டு ஆள் வேண்டும், வண்டிக்கூலியும் கூடும். ஆனால் ஒருமுறை நட்டால் உங்கள் பேரப்பிள்ளைகள்கூட மாற்ற வேண்டிவராது. வாங்கும்போது ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் எடுங்கள். சத்தம் அமுங்கிக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கும், தள்ளிவையுங்கள். விரலால் சுரண்டினால் உதிரும் கல்லும் ஆகாது. கம்பி கட்டத் துளை வேண்டுமென்றால் கல் வெட்டும் இடத்திலேயே போட்டு வாங்குங்கள். நட்ட பிறகு துளைக்கப் போனால் கல் பிளந்துபோகலாம்.

கான்கிரீட் கால் இரண்டாம் இடம். உள்ளே இருக்கும் கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓர் அங்குலமாவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். மணவாளக்குறிச்சி போலக் கடலோரத்தில் விளை வைத்திருப்பவர்கள் கல்லோடு நின்றுகொள்வதே நல்லது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, உப்பி, காலை வெடிக்க வைத்துவிடும்.

மரம்தான் வேண்டும் என்றால் வைரம் பாய்ந்த மரம் மட்டும். அயினி (காட்டுப்பலா வகை), பலா, முதிர்ந்த தேக்கு, கரும்பனை. இளந்தேக்குக் கம்பு முக்கால்வாசி வைரம் ஏறாத வெள்ளைதான், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூங்கில் மண்ணில் இரண்டு மூன்று வருடம் நின்றாலே அதிகம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். வெட்டவும் வேண்டாம். பழைய ஓட்டு வீடு இடிக்கும் இடங்களில் பனங்கையும் (கூரைக்குப் போட்ட பனஞ்சட்டம்) அயினி உத்தரமும் கிடைக்கும். பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்து இறுகிய மரம் அது. தார், பெயின்ட் பூசாததாகப் பார்த்து எடுங்கள். அடியைத் தீயில் கருக்கி நடுவது பழைய வழக்கம். வைரமில்லாத மரத்தைக் கரி காப்பாற்றாது, அதை நம்பி மட்டமான கம்பு வாங்க வேண்டாம்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். அதில் தாய்க் கொட்டாரம் என்ற பகுதியில் ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் இன்றும் நிற்கிறது. அதே மழை, அதே ஊர்தான். தலைக்கு மேல் கூரை இருக்கிறது, அடி மண்ணில் புதையவில்லை. நம் வேலிக்குக் கூரை போட முடியாது, ஆனால் மரத்தை மண்ணிலிருந்து தூக்கி வைக்க முடியும். 3 அடிக் கல்துண்டு ஒன்றை 2 அடி புதைத்து, வெளியே நிற்கும் ஓரடியில் இரண்டு போல்ட் போட்டு மரக்காலைப் பிணையுங்கள். மரத்தின் அடி மண்ணிலிருந்து 3 அங்குலம் மேலே நிற்கட்டும். தலையைச் சாய்வாகச் சீவிவிடுங்கள், மழை வழிந்து போகும்.

இனி உங்கள் விளைக்கு என் யோசனை. 70 சென்ட் சதுரமாக இருந்தாலே சுற்றளவு 700 அடி வரும். 10 அடிக்கு ஒன்று வைத்தால் 70 கால். அத்தனையும் கல்லாக வாங்கக் கை கடித்தால் மூலை, வாசல், பிறகு 30 அடிக்கு ஒன்று என்று கல் நடுங்கள். 25, 30 கல்லில் முடியும். மூலைக்கல்லுக்கு இருபுறமும் முட்டுக்கால் கொடுங்கள். கம்பியின் இழுவை முழுவதும் அங்கேதான் வருகிறது. நடுவில் உயிர்க்கால் போடுங்கள், அதாவது நட்டால் வேர்விட்டு மரமாகும் கொம்பு. உங்கள் ஈரத்துக்குக் கிளைரிசிடியா நன்றாக வரும், கழித்த தழை தென்னைமூட்டுக்கு உரம். ஒதியும் நல்லது. ஒதி பெருத்து உத்தரமாகுமா என்பார்கள். உத்தரமாகாத அந்த ஒதி, பெரிய கொம்பை வெட்டி நட்டாலும் வேர்விடும், வேலிக்கு அது போதும். காய்ந்த பக்கத்துக்குக் கிளுவை, கடலோரத்துக்குப் பூவரசு.

மணிக்கட்டைவிடக் கொஞ்சம் தடித்த கொம்பாக 7 அடி வெட்டுங்கள். இடவப்பாதிக்குச் சற்று முன்பு, கடப்பாரையால் குழி எடுத்து ஒன்றரை அடி இறக்குங்கள். அடித்து இறக்கினால் தோல் பிளந்து அழுகும். முதல் வருடம் அதில் கம்பியை இறுக்க வேண்டாம், கல்லுக்காலே தாங்கட்டும். அப்புறம் கம்பியை மரத்தில் நேராக அறையாமல் நடுவில் ஒரு பட்டியல் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு வைத்து அறையுங்கள். இல்லாவிட்டால் மரம் பருத்துக் கம்பியை விழுங்கிவிடும். பட்டுப்போன கொம்புகளுக்குப் பதிலாக ஐப்பசி மழையில் புதிது நட்டுக்கொள்ளலாம்.