கொடிக்கயிற்றின் ஒரு முனை

தம்பி, "ஆகஸ்ட் வந்தால் கோலாலம்பூர் முழுக்கக் கொடி, ஆபீசிலும் மெர்டேக்கா (சுதந்திர தின) விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள், வேலை பர்மிட்டில் வந்த எனக்கு அங்கே என்ன இருக்கு, ஒதுங்கி நின்றால் தப்பா?" என்று கேட்டிருந்தீர்கள். ஒதுங்காதீர்கள், போங்கள்.

நான் திருச்சியிலிருந்து 2004-ல் கோலாலம்பூரின் செந்தூல் பகுதிக்கு வந்தவள். முதல் வருடம் ஆகஸ்ட் 31 எனக்கு வெறும் லீவு நாள். அடுத்த வருடம் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, "கொடி கட்டணும், கயித்த இந்தப் பக்கம் பிடிம்மா" என்றார். ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர், அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பிறையும் நட்சத்திரமும் உள்ள நீலக் கட்டம் மேலே வருகிறதா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டார்.

1957 ஆகஸ்ட் 31 காலையில் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்க, அரங்கமே திருப்பி முழங்கியது. அதை அந்த அம்மா தன் அப்பா மடியில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டாராம். லயத்தில் இருந்தவர்களும் கூடவே கத்தினார்களாம். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் வாயில் ஒரே சொல். அதை வருடா வருடம் திரும்பச் சொல்லும்போதுதான் எல்லாரும் ஒரே நாட்டுக்காரர் என்ற உறவு பழக்கமாகிறது என்று நினைக்கிறேன். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1970-ல் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டைக் கொண்டுவந்து பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகளைச் சொல்ல வைத்ததும் இதற்காகத்தான்.

ஆனால் ஊர்வலத்தில் எல்லா நினைவும் வந்துவிடுவதில்லை. அந்த அம்மாவின் தாத்தாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் என்ற சயாம்-பர்மா ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. தோட்டங்களிலிருந்து அப்படிப் போய் மாண்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில். "அவருக்கும் சேர்த்துத்தாம்மா கட்டுறேன்" என்றார். அன்றைக்குத்தான் அந்தக் கொடி அவருக்கு என்ன என்று எனக்குப் புரிந்தது. அதனால் இங்கே பிறந்த தமிழர்களிடம் "எப்போ ஊருக்குப் போவீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு ஊர் இதுதான்.

தேசிய கீதமான நெகாராகூ ஒலித்தால் எழுந்து நேராக நில்லுங்கள், சொல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம், ஆபீசில் சபா, சரவாக் ஆட்கள் இருந்தால் செப்டம்பர் 16-க்கும் வாழ்த்துச் சொல்லுங்கள். சபா, சரவாக் எல்லாம் மலாயாவோடு சேர்ந்து 1963-ல் மலேசியா உருவான நாள் அது. நாடு முழுக்க விடுமுறை ஆனது 2010-லிருந்துதான். அவர்களில் பலருக்கு அது ஆகஸ்ட் 31-ஐவிடப் பெரிய நாள்.